காலநிலைச் சட்டம், கார்பன் விலை, பசுமைப் பொருளியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டம், கொள்கை, பொருளியல் மூன்றையும் சேர்த்துப் படிக்கத் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஓர் இலக்கு எவ்வளவு பெரியது என்பதைவிட, அது யாரைக் கட்டுகிறது, எதை அளக்கிறது, மீறினால் என்ன ஆகும் என்பதே முக்கியம் என்ற பார்வையில் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

சுற்றுச்சூழல் சட்டம் இருக்கும்போது காலநிலைச் சட்டம் என்று தனியாக ஒன்று எதற்கு?

பழைய சுற்றுச்சூழல் சட்டம் இடம் சுட்டக்கூடிய தீங்கை வைத்து வளர்ந்தது. கனடாவின் டிரெயில் நகரில் இருந்த ஓர் உருக்காலையின் கந்தகப் புகை எல்லை தாண்டி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில வயல்களைக் கெடுத்தது. அந்தத் தகராறில் 1941-இல் வந்த நடுவர் தீர்ப்பு, ஒரு நாடு தன் மண்ணில் நடப்பதைக் கொண்டு அடுத்த நாட்டுக்குக் கடுமையான தீங்கு செய்யும் உரிமை கிடையாது என்றது. அங்கே ஆலை ஒன்று, புகை ஒன்று, வயலும் கண்ணெதிரே.

கரியமில வாயுவில் இந்தக் கணக்கு செல்லாது. எந்த நாட்டில் வெளியேறினாலும் அது உலகம் முழுவதும் கலந்துவிடுகிறது. வெளியேறியதில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றில் தங்குகிறது. 1850 முதல் 2019 வரை மனிதர் வெளியேற்றியது ஏறத்தாழ 2,40,000 கோடி டன். அதில் யாருடைய டன் எந்த வெள்ளத்துக்குக் காரணம் என்று பிரிக்க முடியாது. அதனால் காலநிலைச் சட்டம் இழப்பீட்டை விட்டுவிட்டு இலக்கு, அறிக்கை, மறு ஆய்வு என்ற நடைமுறைகளின் மேல் கட்டப்பட்டது. இழப்பீட்டுக் கேள்வி இப்போதுதான் நீதிமன்றங்கள் வழியாகத் திரும்பி வருகிறது.

முன்னெச்சரிக்கைக் கோட்பாடு என்றால் சந்தேகம் வந்ததும் தடை செய்வதா?

இல்லை. 1992 ரியோ பிரகடனத்தின் 15-ஆம் கோட்பாடு சொல்வது அதைவிடக் குறுகலானது. கடுமையான அல்லது மீட்க முடியாத சேதத்துக்கான அச்சுறுத்தல் இருக்கும்போது, அறிவியல் உறுதி முழுமையாக இல்லை என்பதைக் காரணம் காட்டி, செலவுக்கேற்ற பயன் தரும் தடுப்பு நடவடிக்கைகளைத் தள்ளிப்போடக் கூடாது. தள்ளிப்போடுவதற்கான சாக்கை அது பறிக்கிறது, அவ்வளவுதான்.

மாசுபடுத்துபவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டுக்கும் இதே கதி. 1972-இல் பணக்கார நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஈசிடி அதை முன்வைத்தபோது அது ஒரு வணிக விதி: மாசுக் கட்டுப்பாட்டுச் செலவை அரசு மானியமாகக் கொடுத்து ஏற்றுமதிப் போட்டியைக் கெடுக்காதே என்பதே பொருள். சேதத்துக்கு ஈடு கொடுப்பது, நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்பவை நீதிமன்றங்கள் பின்னால் சேர்த்தவை. வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996-இல் இரண்டு கோட்பாடுகளையும் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது அந்த வகையில் ஒரு முக்கியத் திருப்பம்.

பாரிஸ் உடன்படிக்கை நாடுகளைக் கட்டுப்படுத்துகிறதா, இல்லையா?

இரண்டும் உண்டு. பிரிவு பிரிவாகப் படிக்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 2015 டிசம்பர் 12-இல் ஏற்கப்பட்டு 2016 நவம்பர் 4-இல் நடைமுறைக்கு வந்த இந்த உடன்படிக்கை சர்வதேசச் சட்டப்படி ஓர் ஒப்பந்தம். பிரிவு 4.2-இன்படி ஒவ்வொரு நாடும் தன் பங்களிப்பை (உமிழ்வு பற்றித் தானே வகுத்து அறிவிக்கும் இலக்கை) தயாரிக்க வேண்டும், அறிவிக்க வேண்டும், பேணி வர வேண்டும், அதை எட்டும் நோக்கில் உள்நாட்டு நடவடிக்கை எடுக்க வேண்டும். இவை கட்டாயம். அறிவித்த எண்ணை எட்டியே தீர வேண்டும் என்று மட்டும் அந்தப் பிரிவு சொல்லவில்லை. எண்ணைத் தேர்ந்தெடுப்பதும் நாடே. பிரிவு 15-இன் இணக்கக் குழுவுக்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது.

ஒரே ஒரு வினைச்சொல்லுக்காக இறுதிக் கூட்டமே தாமதமானதும் நடந்தது. பணக்கார நாடுகள் முழுப் பொருளாதாரத்துக்குமான குறைப்பு இலக்கை ஏற்பது பற்றிய பிரிவு 4.4-இல், கட்டாயத்தைக் குறிக்கும் சொல் கடைசி வரைவில் இருந்தது. அது நின்றிருந்தால் அமெரிக்க அரசு செனட் சபையின் ஒப்புதலுக்குப் போக வேண்டியிருக்கும். அச்சுப்பிழைத் திருத்தம் என்ற பெயரில் அது பரிந்துரைச் சொல்லாக மாற்றப்பட்டது.

நாடுகளின் பங்களிப்பு ஆவணத்தைப் படிக்கும்போது பலர் சறுக்கும் இடம் இலக்கின் வகை. மொத்த உமிழ்வைக் குறைப்பதும், ஓர் அலகு உற்பத்திக்கான உமிழ்வைக் குறைப்பதும் வேறு வேறு. உமிழ்வுச் செறிவு 45 சதவீதம் குறைந்து, அதே காலத்தில் பொருளாதாரம் இரண்டு மடங்கானால் மொத்த உமிழ்வு 2 × 0.55 = 1.10. அதாவது 10 சதவீதம் கூடியிருக்கும். வறிய நாடு ஒன்றுக்கு அது நியாயமான இலக்காகவே இருக்கலாம். ஆனால் அதைக் ‘குறைப்பு’ என்று எழுதுவது பிழை. அடிப்படை ஆண்டு எது, காடுகள் உறிஞ்சுவது சேர்ந்திருக்கிறதா, வெளிநாட்டு நிதி கிடைத்தால்தான் என்ற நிபந்தனை உண்டா என்பதையும் பார்க்க வேண்டும்.

சர்வதேச நீதிமன்றத்தின் 2025 கருத்துரை எதை மாற்றியது?

பசிபிக் தீவு நாடான வனுவாட்டு முன்னெடுத்த முயற்சியால் 2023 மார்ச்சில் ஐநா பொதுச்சபை கேட்ட கேள்விக்கு, 2025 ஜூலை 23-இல் நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்து சொன்னது. மூன்று விஷயங்கள் முக்கியம். காலநிலை ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டதோடு கடமை முடிந்துவிடாது, பிற நாட்டுக்குத் தீங்கு செய்யாமை என்ற வழக்காறும் கூடவே பொருந்தும். பங்களிப்பை நிர்ணயிப்பதில் நாட்டுக்குள்ள விருப்புரிமை எல்லையற்றது அல்ல, கடுமையான உரிய கவனம் அதற்கு அளவுகோல். கடமையை மீறுவது சட்டவிரோதச் செயல், நிபந்தனைகள் நிறைவேறினால் ஈடு செய்யும் பொறுப்பும் எழும்.

கருத்துரை என்பதால் அது எந்த நாட்டையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. அதன் வேலை உள்நாட்டு நீதிமன்றங்களில், வழக்கறிஞர்களின் மனுக்களுக்குள் நடக்கும்.

காலநிலை வழக்குகள் எங்கே ஜெயிக்கின்றன, எங்கே தோற்கின்றன?

ஒவ்வொரு வழக்கும் மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும்: வழக்குத் தொடுக்கும் தகுதி, காரணத் தொடர்பு, நீதிமன்றம் தரக்கூடிய பரிகாரம்.

தகுதியில் சறுக்குவதுதான் அதிகம். எல்லோரையும் பாதிக்கும் ஒன்று தன்னை மட்டும் எப்படித் தனியாகப் பாதிக்கிறது என்று மனுதாரர் காட்ட வேண்டியிருக்கிறது. 2024 ஏப்ரல் 9-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சுவிட்சர்லாந்தின் மூத்த பெண்கள் வழக்கில், தனி மனுதாரர்கள் நால்வரின் மனுவை ஏற்கவில்லை. அவர்களுடைய சங்கத்தின் மனுவை ஏற்று, சுவிஸ் அரசு உரிமையை மீறியது என்றது. காரணங்களுள் ஒன்று, அந்நாடு தான் இன்னும் வெளியேற்றக்கூடிய கார்பன் அளவை எண்ணிக்கையாக வரையறுக்கவில்லை என்பது. அதே நாளில் போர்ச்சுகீசிய இளைஞர்களின் வழக்கு உள்ளே நுழையவே முடியாமல் போனது. போர்ச்சுகலின் நீதிமன்றங்களுக்கு முதலில் போகவில்லை, மற்ற நாடுகளின் அதிகார வரம்புக்குள் அவர்கள் வரவும் இல்லை. வழக்குத் திட்டமிடுகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் படிப்பது நல்லது.

காரணத் தொடர்பில் அரசுகள் வழக்கமாகச் சொல்வது, ‘உலக உமிழ்வில் எங்கள் பங்கு கடுகளவு’. உர்கெண்டா என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பர் 20-இல் இந்த வாதத்தை ஒதுக்கியது. ஒவ்வொரு நாடும் தன் பங்குக்குப் பொறுப்பு என்று சொல்லி, 1990-ஐ ஒப்பிட்டு 2020-க்குள் குறைந்தது 25 சதவீதக் குறைப்பு என்ற உத்தரவை உறுதி செய்தது. தனியார் நிறுவனத்தின் மேல் வழக்கு என்றால் பாதை இன்னும் கரடு. பெரு நாட்டு விவசாயி ஒருவர், பனியேரி உடைந்தால் தன் வீடு மூழ்கும் என்று ஜெர்மன் மின் நிறுவனமான ஆர்டபிள்யூஈ மேல் 2015-இல் வழக்குப் போட்டார். தடுப்புச் செலவில், உலக உமிழ்வில் அந்நிறுவனத்தின் பங்கான அரை சதவீதத்துக்கும் குறைவான விகிதத்தை மட்டுமே கேட்டார். 2025 மே மாதத்தில் ஹாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது, அந்த வீட்டுக்கான ஆபத்து போதிய அளவு இல்லை என்பதால். ஆனால் பெரிய உமிழ்ப்பாளர் கொள்கையளவில் பொறுப்பாக முடியும் என்று அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டது. தோற்றுப்போன வழக்கு என்று அதை ஒதுக்கிவிட முடியாததற்கு அந்த வரிதான் காரணம்.

பரிகாரத்தில், ‘எவ்வளவு’ என்ற கேள்வியில் நீதிமன்றங்கள் தயங்குகின்றன. 2030-க்குள் 45 சதவீதம் குறைக்கும்படி ஷெல் நிறுவனத்துக்கு 2021-இல் ஹேக் மாவட்ட நீதிமன்றம் இட்ட உத்தரவு 2024 நவம்பரில் மேல்முறையீட்டில் ரத்தானது. குறைக்கும் கடமை உண்டு, குறிப்பிட்ட சதவீதத்தை விதிக்க அடிப்படை இல்லை என்றது மேல்முறையீடு. இதற்கு மாறாக ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் 2021-இல் எண் எதையும் விதிக்கவில்லை. மிஞ்சியுள்ள கார்பன் அளவை 2030 வரை தாராளமாகச் செலவழித்துவிட்டு அதற்குப் பின்வரும் தலைமுறையின் சுதந்திரத்தை நெரிக்கும் சட்டம் செல்லாது என்று மட்டும் சொன்னது. சில மாதங்களில் நாடாளுமன்றமே 2030 இலக்கை 55-லிருந்து 65 சதவீதமாக உயர்த்தியது. சட்டத்தைத் திருத்தும் பொறுப்பை நாடாளுமன்றத்திடமே விடும் இத்தகைய பரிகாரம் மேல்முறையீட்டில் சிதைவதற்கு வாய்ப்புக் குறைவு.

கார்பன் வரி நல்லதா, உமிழ்வு வணிகம் நல்லதா?

வரி விலையை நிர்ணயிக்கிறது, உமிழ்வு எவ்வளவு குறையும் என்பது சந்தையின் கையில். உமிழ்வு வணிகம் மொத்த அளவுக்கு வரம்பு கட்டுகிறது, அதற்குள் உமிழ்வதற்கான உரிமங்களை ஆலைகள் வாங்கி விற்கின்றன, விலை சந்தையின் கையில். வரியின் வேர் 1920-இல் பொருளியலாளர் ஆர்தர் பிகூ எழுதியதில் இருக்கிறது, வணிகத்தின் வேர் 1960-களில் கோஸ், டேல்ஸ் ஆகியோரின் சிந்தனையில். 1974-இல் மார்ட்டின் வைட்ஸ்மன் இரண்டையும் ஒப்பிட ஒரு வழி தந்தார். அளவு சற்றுக் கூடினால் சேதம் செங்குத்தாக ஏறும் என்றால் அளவைக் கட்டுங்கள், செலவுதான் செங்குத்தாக ஏறும் என்றால் விலையைக் கட்டுங்கள். கரியமில வாயு ஆண்டாண்டாகச் சேர்ந்து தீங்கு செய்வது என்பதால் ஓராண்டு உமிழ்வில் சிறு ஏற்றத்தாழ்வு பெரிய சேதமாகாது. அதனால் பொருளியலாளர் பலர் வரிப் பக்கம் சாய்ந்தார்கள். தாண்டினால் திரும்ப முடியாத எல்லைகள் பக்கத்தில் இருக்கின்றன என்று நினைப்பவருக்கு வரம்பே பாதுகாப்பு.

வணிகத்தின் இலாபம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு சிறு கணக்கு. இரண்டு ஆலைகள் சேர்ந்து 40 டன் குறைக்க வேண்டும். முதலாவதுக்கு ஒரு டன் குறைக்க 20 பணம், இரண்டாவதுக்கு 80. ஆளுக்கு 20 டன் என்று உத்தரவிட்டால் செலவு 400 + 1,600 = 2,000. விற்று வாங்க அனுமதித்தால் முதலாவதே 40 டன்னும் குறைக்கும், செலவு 800. உரிமத்தின் விலை 20-க்கும் 80-க்கும் நடுவில் எங்கோ நிற்கும், இருவருக்கும் இலாபம். முதல் ஆலை இருக்கும் ஊருக்கு சுத்தமான காற்றும், இரண்டாவது இருக்கும் ஊருக்குப் பழைய புகையும் மிஞ்சும் என்பதை இந்தக் கணக்கு காட்டாது. கரியமில வாயுவோடு தூசும் கந்தகமும் வெளிவரும் ஆலைகளில் இது சிறிய விஷயம் அல்ல.

ஐரோப்பிய உமிழ்வுச் சந்தை தொடக்கத்தில் ஏன் சரிந்தது?

2005-இல் தொடங்கியபோது ஆலைகளின் உண்மையான உமிழ்வு பற்றிச் சரிபார்த்த கணக்கு கையில் இல்லை. மதிப்பீட்டை நம்பி வரம்பு போட்டார்கள். 2006 ஏப்ரலில் முதல் சரிபார்த்த கணக்கு வெளிவந்தபோது, தேவையைவிட உரிமம் அதிகம் என்று தெரிந்தது. 30 யூரோவை ஒட்டி இருந்த விலை கவிழ்ந்தது. முதல் கட்ட உரிமங்களை அடுத்த கட்டத்துக்குச் சேமித்து எடுத்துச் செல்ல முடியாது என்பதால் 2007 இறுதியில் விலை பூஜ்ஜியத்தைத் தொட்டது. அதோடு இன்னொரு கோளாறும். இலவசமாகப் பெற்ற உரிமத்தின் சந்தை விலையை மின் நிறுவனங்கள் கட்டணத்தில் ஏற்றி, உழைக்காத இலாபம் பார்த்தன.

திருத்தங்கள் வர நாள் பிடித்தது. மின் துறைக்கு இலவச உரிமத்துக்குப் பதில் ஏலம் வந்தது. உபரி உரிமங்களை உறிஞ்சும் சந்தை நிலைப்பு இருப்பு 2019-இல் இயங்கத் தொடங்கியது. வரம்பு ஆண்டுதோறும் குறையும் வேகம் 2.2 சதவீதத்திலிருந்து 2024-இல் 4.3 ஆனது. 2023 பிப்ரவரியில் விலை முதன்முறையாக 100 யூரோவைத் தாண்டியது. உரிமம் ஒப்படைக்காத ஒவ்வொரு டன்னுக்கும் 100 யூரோவுக்குக் குறையாத அபராதம், அதைக் கட்டினாலும் விடுபட்ட உரிமத்தை ஒப்படைத்தே ஆக வேண்டும். இந்தப் பின்பகுதி இல்லாத சந்தைகளில் அபராதமே விலையின் கூரையாகிவிடும்.

சந்தை ஒன்றை மதிப்பிட வரம்பையும் கடந்த ஆண்டின் உண்மை உமிழ்வையும் அருகருகே வையுங்கள். வரம்பு மேலே இருந்தால் மற்ற ஏற்பாடெல்லாம் அலங்காரம்.

பொருளியலாளர்கள் எல்லோரும் பரிந்துரைக்கும் கார்பன் வரியை அரசுகள் ஏன் திரும்பப் பெறுகின்றன?

வரி தினமும் கண்ணில் படும், அதன் நன்மை கண்ணில் படாது. ஆஸ்திரேலியா 2012 ஜூலையில் கொண்டுவந்த கார்பன் விலையை 2014 ஜூலையில் நீக்கியது. பிரான்சில் 2018-இல் எரிபொருள் வரி உயர்வு மஞ்சள் அங்கிப் போராட்டத்தில் முடிந்தது. கனடா, வசூலித்ததில் பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தும், நுகர்வோர் கார்பன் கட்டணத்தை 2025 ஏப்ரலில் நிறுத்தியது. பணம் திரும்பியது, ஆனால் அது கார்பன் கட்டணத்திலிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியவில்லை. மறுபுறம், ஸ்வீடன் 1991-இல் மற்ற எரிசக்தி வரிகளைக் குறைத்த கையோடு கார்பன் வரியைக் கொண்டுவந்து, படிப்படியாக ஏற்றி, இன்றுவரை வைத்திருக்கிறது. வசூலான பணம் எங்கே போகிறது என்பதையும், மாற்று வழி (பேருந்தோ, வெப்பமூட்டும் வசதியோ) வரிக்கு முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்பதையும் ஆய்வாளர்கள் வரி விகிதத்துக்கு நிகராகப் பார்க்க வேண்டும்.

ஒரு டன் கார்பனின் சமூகச் செலவு ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது?

கூடுதலாக ஒரு டன் வெளியேறுவதால் நேரும் சேதத்தின் பண மதிப்பே சமூகச் செலவு. அது மாறுவது பெரும்பாலும் தள்ளுபடி வீதத்தால், அதாவது எதிர்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் ஆண்டு வீதத்தால். நூறு ஆண்டு கழித்து நேரும் 1,000 பணச் சேதத்துக்கு இன்று எவ்வளவு மதிப்பு? வீதம் 1.4 சதவீதம் என்றால் ஏறத்தாழ 249. வீதம் 5.5 என்றால் 5-க்கும் குறைவு. ஒரே சேதம், ஐம்பது மடங்கு வித்தியாசம்.

இந்த வீதம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ராம்சே சூத்திரம்: வருங்காலத்தை வருங்காலம் என்பதற்காகவே குறைத்து மதிப்பிடும் அளவு, கூட்டல், (செல்வம் கூடக்கூட ஒரு ரூபாயின் பயன் குறையும் வேகம் × வளர்ச்சி வீதம்). 2006-இல் பொருளியலாளர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் 0.1 + 1 × 1.3 = 1.4 என்று எடுத்தார். முதல் எண் நடைமுறையில் பூஜ்ஜியம், பிறக்கப்போகிறவரும் நம்மைப் போன்றவரே என்ற அறநிலை. இன்னொரு பொருளியலாளர் வில்லியம் நார்ட்ஹவுஸ் 1.5 + 2 × 2 = 5.5 என்று சந்தை வட்டியோடு ஒத்துப்போகும்படி எடுத்தார். யார் சரி என்பதைத் தரவு மட்டும் தீர்க்காது, முதல் எண் ஒரு நீதி பற்றிய முடிவு. அமெரிக்க அரசு 2021-இல் 3 சதவீத வீதத்தில் டன்னுக்கு 51 டாலர் என்றது. 2023-இல் சுற்றுச்சூழல் முகமை 2 சதவீதத்தில், புதிய சேத மதிப்பீடுகளோடு, 190 டாலர் என்றது. இத்தகைய எண்ணை எடுத்தாளும்போது வீதத்தையும், உள்நாட்டுச் சேதமா உலகச் சேதமா என்பதையும் குறிப்பிடாவிட்டால் எண்ணுக்குப் பொருளே இல்லை.

ஐரோப்பிய எல்லைக் கார்பன் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

இது இறக்குமதிப் பொருளை உண்டாக்கும்போது வெளியேறிய கார்பனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வாங்கும் கட்டணம். சிமெண்ட், இரும்பும் எஃகும், அலுமினியம், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவற்றுக்கு 2023 அக்டோபர் முதல் அறிக்கை மட்டும், 2026 ஜனவரி முதல் பணம். முழுமையாக நடைமுறைக்கு வந்தபின் தோராயக் கணக்கு இது: 100 டன் எஃகு, டன்னுக்கு 2 டன் உமிழ்வு, மொத்தம் 200. ஐரோப்பிய விலை 70 யூரோ, ஏற்றுமதி நாட்டில் ஏற்கெனவே கட்டியது 10 என்றால் 200 × 60 = 12,000 யூரோ. ஐரோப்பிய ஆலைகளுக்கான இலவச உரிமம் 2034 வரை படிப்படியாகவே விலகுகிறது, 2026-இல் விலகுவது 2.5 சதவீதம்தான், அதனால் முழுத் தொகை உடனே விழாது. ஆனால் தர அளவுகோலைத் தாண்டிய உமிழ்வுக்கு இந்தத் தணிப்பு கிடையாது, பழைய உலைகளுக்கு அடி முதலிலேயே விழும்.

வழக்கமான தவறுகள் இரண்டு. சொந்த அளவீடு இல்லாமல் பொது மதிப்பையே நம்பிவிடுவது, அது வேண்டுமென்றே உயரமாக வைக்கப்பட்டிருக்கும். அடுத்தது, உள்நாட்டு விதிமுறைகளுக்காகச் செலவழித்ததைக் கழிக்க நினைப்பது. உண்மையில் கட்டிய கார்பன் விலை மட்டுமே கழியும்.

கார்பன் ஈட்டு வரவுகளை நம்பலாமா?

வேறொருவர் செய்த குறைப்பை டன் கணக்கில் வாங்கித் தன் உமிழ்வுக்கு ஈடாகக் காட்டுவதே இந்த வரவு. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். திட்டம் இல்லாவிட்டாலும் அந்தக் குறைப்பு நடந்திருக்குமா, அழிவு பக்கத்து நிலத்துக்கு நகர்ந்ததா, சேமித்த கார்பன் தீயில் திரும்பிப் போகுமா, ஒரே டன்னை இரண்டு நாடுகள் எண்ணுகின்றனவா என்பவை கேள்விகள். கடைசியை பாரிஸ் உடன்படிக்கையின் பிரிவு 6 ஒத்திசைந்த சரிக்கட்டல் மூலம் கையாள்கிறது: விற்ற நாடு தன் கணக்கில் அந்த டன்னைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பாரிஸுக்கு முந்தைய காலநிலை ஒப்பந்தமான கியோட்டோ நெறிமுறையின் காலத்தில் நடந்த ஒன்று பாடப்புத்தக உதாரணம். குளிர்பதன வாயு தயாரிப்பில் துணைப்பொருளாக வரும் டிரைஃபுளோரோமீத்தேனை ஒரு டன் அழித்தால் 11,700 வரவுகள். அழிக்கும் செலவோ சொற்பம். வரவுக்காகவே துணைப்பொருளைக் கூடுதலாக உண்டாக்கும் தூண்டுதல் பிறந்தது. 2013-இல் ஐரோப்பியச் சந்தை அந்த வரவுகளை ஏற்க மறுத்தது.

பசுமை வளர்ச்சி சாத்தியமா?

இங்கே இரண்டு சிந்தனைப் பள்ளிகள். சுற்றுச்சூழல் பொருளியல், விலையைச் சரிசெய்தால் வளர்ச்சி தன் பாதையை மாற்றிக்கொள்ளும் என்கிறது. காடு போனாலும் அதற்கு ஈடான இயந்திரமும் கல்வியும் சேர்ந்தால் போதும் என்பது அதன் மென்மையான நிலைத்தன்மை. ஜார்ஜெஸ்கு-ரோகன், ஹெர்மன் டேலி வழிவந்த சூழலியல் பொருளியல், மீன் தீர்ந்துபோன கடலில் படகுகளைப் பெருக்கிப் பயனில்லை என்கிறது.

சச்சரவைச் சதவீதங்களில் பார்ப்பது உதவும். பொருளாதாரம் ஆண்டுக்கு 3 சதவீதம் வளர்ந்து, உமிழ்வுச் செறிவு 2 சதவீதம் குறைந்தால் உமிழ்வு ஏறத்தாழ 1 சதவீதம் கூடும். அதே வளர்ச்சியோடு உமிழ்வை 7 சதவீதம் இறக்க வேண்டுமானால் செறிவு 9.7 சதவீதம் குறைய வேண்டும், ஆண்டு தவறாமல். பிரிட்டன், ஸ்வீடன் போன்ற நாடுகளில் இறக்குமதிப் பொருட்களின் உமிழ்வைச் சேர்த்த பின்னும் உமிழ்வு இறங்கியிருக்கிறது, ஆகவே வளர்ச்சியும் உமிழ்வும் பிரியவே முடியாது என்பது தவறு. அந்த வேகம் போதுமா என்பதே மிச்சமுள்ள வாதம், அதில் நம்பிக்கைக்கு இடம் குறைவு.

நிகர பூஜ்ஜியச் சட்டம் ஒன்றை எப்படி மதிப்பிடுவது?

வெளியேறும் உமிழ்வும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சமமாவதே நிகர பூஜ்ஜியம். அதற்கான 2050 என்ற எண்ணை விட்டுவிட்டு, இடைக்கால வரம்பைத் தேடுங்கள். பிரிட்டனின் 2008 காலநிலை மாற்றச் சட்டம் ஐந்தாண்டுக்கு ஒரு கார்பன் வரவு செலவு வரம்பை, பன்னிரண்டு ஆண்டுகள் முன்கூட்டியே, சட்டமாக்கச் சொல்கிறது. தனிக் குழு ஒன்று ஆலோசனை சொல்லி, ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தருகிறது. வரம்பை எட்டும் திட்டத்தை அமைச்சர் முன்வைத்தாக வேண்டும். அந்தக் கடமை வெறும் சொல் அல்ல என்பது 2022 ஜூலையில் தெரிந்தது: ஆறாவது வரம்புக்குத் தேவையான குறைப்பில் எண்ணிக்கையாகக் காட்டப்பட்ட கொள்கைகள் 95 சதவீதத்தையே ஈடுகட்டின, மீதி 5 எங்கிருந்து வரும் என்பதும் எந்தக் கொள்கை எவ்வளவு குறைக்கும் என்பதும் அமைச்சர் முன்னோ நாடாளுமன்றத்தின் முன்னோ சரியாக வைக்கப்படவில்லை. உயர் நீதிமன்றம் அந்தத் திட்டத்தைச் சட்டத்துக்குப் புறம்பானது என்றது. அதற்குப் பதிலாக வந்த திட்டமும் 2024 மே மாதத்தில் அதே நீதிமன்றத்தில் விழுந்தது.